பேட்டரிக்கு முன்னால் பேனா!



2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. எங்க ஊரும் அந்தப் பக்கம்தான். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டில் போர் இருந்தும், வாடகை ஜெனரேட்டர் வரும்வரை குடத்தோடு காத்துக் கிடந்தோம்.

அந்த நினைப்பில்தான் போன மாதம் அப்பா சீட்டுப் பணத்தை எடுத்தார். "ஒரு இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியும் போட்டா ஒரு ஹெச்.பி. மோட்டார் ரெண்டு மணி நேரம் ஓடுமாம். கடையில சொன்னாங்க. நீதான் கரண்ட்டு படிக்கிறியே, சரியான்னு பாரு" என்றார். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கை நடுங்கத்தான் கணக்குப் போட்டேன்.

ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட். அது மோட்டார் தரும் வேலை. இழுப்பது சுமார் 1,100 வாட். இரண்டு மணி நேரத்துக்கு 2,200 வாட்-அவர். இன்வெர்ட்டர் இழப்பு 15 சதவீதம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2,600. லெட்-ஆசிட் பேட்டரி நாள்பட உழைக்க, பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. ஆக 5,200 வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பதோ 1,800! மூன்று வேண்டும். 24 வோல்ட்டுக்கு ஜோடி ஜோடியாக இணைப்பதால் நான்கு. போதாததுக்கு, ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதை இன்வெர்ட்டர் தாங்க வேண்டும்.

இத்தனையும் ஒரே நாளுக்குத்தான். மறுநாள் சார்ஜ் ஏற்றக் கரண்ட் ஏது?

அப்பாவிடம் சொன்னேன்: "மோட்டாருக்கு வேணாம்ப்பா. அந்தக் காசுல பெரிய தொட்டி வாங்கி, புயலுக்கு முன்னாடியே ரொப்பி வச்சுடுவோம். அதே ஒரு பேட்டரியில ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், ராத்திரி ஏழு மணி நேரம் ஓடும்." அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொரு தடவை போட்டுக் காட்டு" என்றார். காட்டினேன்.

தோழர்களே, ஆம்பியர்-அவர் என்றால் என்ன என்று இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். கடையில் ஏமாறுவது நம்மைப் பெற்றவர்கள். பாரமான லோடுக்கு பேட்டரியைத் தேடும் முன், அந்த லோடு பேட்டரியில் ஓடத்தான் வேண்டுமா என்று கேட்போம். தண்ணீரைத் தொட்டியில் சேர்ப்பது, மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்ப்பதைவிட மலிவு.

டிப்ளமோ வேலை வாங்கித் தரட்டும். அதற்கு முன், நம் வீட்டுக் கணக்கை நாம் போடுவோம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை