புதுமனை புகும் பூனை

இருந்த இடத்தை விட்டுப் பெயர்வது எத்தகைய துன்பம் என்பதைத் தெல்தெனிய மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற விக்டோரியா அணை மகாவலி நீரைத் தேக்கவே, பழைய தெல்தெனிய நகரம் நீருள் மறைந்தது. மக்கள் மேட்டுநிலத்தில் எழுந்த புதிய நகரில் குடியேறினர். கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. அவற்றைக் காணப் பலர் செல்கின்றனர்.

காரணம் அறிந்து புறப்பட்ட மனிதருக்கே இத்துணை ஏக்கமாயின், காரணம் ஏதுமறியாமல் கூடையில் அடைத்துக் கொணரப்படும் பூனையின் நிலை என்னவாகும்?

பூனை தன் இடத்தை மோப்பத்தால் அறிகிறது. புதிய வீட்டிலோ அதற்குப் பழக்கமான வாடை எதுவுமில்லை. ஆதலின் அது கட்டிலின் கீழ் ஒளிந்து, உணவையும் மறுக்கிறது. இது நன்றியின்மையன்று, அச்சமே. அதனைக் கையால் இழுத்தெடுப்போமாயின் அச்சம் இரட்டிப்பாகும்.

முதலில் ஓர் அறையே போதும். உணவும் நீரும் ஒரு மூலையில், மணல் நிரப்பிய தட்டு எதிர்மூலையில் இருக்கட்டும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியும், முன்பு படுத்திருந்த பழந்துணியும் வைப்போம், அத்துணியைத் துவைத்தலாகாது. பசும்பால் பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை, தண்ணீரே தக்கது. நாம் அருகே தரையிலமர்ந்து அமைதியாக நூல் வாசிக்கலாம். தூக்கிக் கொஞ்சத் துடிக்கும் சிறுவர்க்கு, அது தானாக வரும்வரை காத்திருக்கக் கற்பிப்போம்.

பூனையின் கன்னங்களில் வாடை சுரக்கும் சுரப்பிகள் உண்டு. மேசைக்காலில் அது கன்னத்தை உரசத் தொடங்கினால், "இது என் இடம்" என்று எழுதிவைக்கிறது என்றே கொள்ளலாம். பின்னர் மற்றை அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். இரண்டு மூன்று வாரங்களேனும் வெளியே விடலாகாது. விட்டால் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டு வழிதவறக்கூடும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. நீர்வெறுப்பு நோய் பூனையாலும் பரவும். மிருக வைத்தியரிடம் தடுப்பூசி போடுவித்தல் நம் கடமை. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

புதிய தெல்தெனியவும் ஒரே நாளில் ஊராகிவிடவில்லை. பொறுத்தார் பூமியாள்வார் என்பர். பொறுத்தவர் வீட்டில் பூனையும் தங்கும்.