உண்ணியும் உயிரும்

புலியைக் கண்டால் ஓடுகிறோம். பாம்பைக் கண்டால் பதறுகிறோம். உண்ணியை யார் மதிக்கிறார்கள்?

அமெரிக்காவில் மாண்டானா மாகாணத்துப் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில், வசந்தகாலந்தோறும் ஒரு புள்ளி ஜுரம் தோன்றி, பீடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொண்டு போயிற்று. பனி உருகிய நீரைக் குடித்த வினை என்றார்கள் சிலர். 1906-ம் வருஷத்தில் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்னும் நிபுணர், குற்றவாளி உண்ணியே என்று நிரூபித்தார். 1910-ல், இந்த ஜுரத்துக்கு உறவான டைபஸ் நோயை மெக்ஸிகோவில் ஆராய்கையில் அந்நோய்க்கே அவர் இரையானார். கிருமிக்கு அவர் பெயரே நிலைத்தது.

இன்று டாக்ஸிசைக்ளின் என்ற நல்ல மருந்து இருக்கிறது. ஆயினும் உயிர்கள் போகின்றன. காரணம், தாமதம். முதலில் வருவன ஜுரமும் தலைவலியுமே. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் புள்ளிகள் தோன்றச் சில நாட்கள் செல்லும். சிலருக்குத் தோன்றுவதே இல்லை. புள்ளிக்கும் பரிசோதனை முடிவுக்கும் காத்திராமல், முதல் ஐந்து நாட்களுக்குள் வைத்தியர் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

உண்ணியால் பரவும் இத்தகைய ஜுரம் நம் நாட்டிலும் உண்டு. ஆகவே, காடு மேடு சென்று வந்தவர்களும் நாய் வளர்ப்பவர்களும் ஜுரமுற்றால், வைத்தியர் கேட்குமுன்பே அதைச் சொல்லிவிடுவது நன்று. ரிக்கெட்ஸ் பாடுபட்டுக் கண்டறிந்ததை, ஒரு வார்த்தை சொல்ல மறந்து நாம் வீணாக்கலாமா?