புள்ளிக்கு முன் ஒரு சாய்கோடு

சரியாக எழுதிய ஆண்டைத் தானாக மாற்றிவிட்டு, மாற்றியதைச் சொல்லாமலும் இருக்கும் எழுத்து முறையை நம்பித்தான் இன்று எத்தனையோ பாடக் குறிப்புகள் தயாராகின்றன. அதன் பெயர் மார்க்டவுன். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்டார். இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் எழுத்து சாயும், இரண்டிரண்டாகப் போட்டால் தடிக்கும். வரித் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் வந்தால் பட்டியல். சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கும் பதில்கள்கூடப் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகின்றன.

எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் வரலாற்றுக் குறிப்புகளுக்கு மெய்ப்புப் பார்ப்பவன் நான். அண்மையில் வந்த ஒரு தாளில் மூன்று வரிகள் இப்படி இருந்தன:

1956. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன.
1967. அண்ணா முதலமைச்சரானார்.
1969. சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று.

திரையில் தெரிந்ததோ 1956, 1957, 1958! காரணம் எளிது. மூன்றும் ஒரே பட்டியலின் உருப்படிகள் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. மார்க்டவுனைத் தரப்படுத்த 2014இல் வந்த காமன்மார்க் விதிப்படி, முதல் உருப்படியின் எண்ணுக்கு மட்டுமே மதிப்பு. அடுத்தடுத்த எண்கள் எதுவாக இருந்தாலும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். இதில் கொடுமை என்னவென்றால், 1957உம் தேர்தல் ஆண்டுதான். தி.மு.க. முதன்முதலாகப் போட்டியிட்ட தேர்தல் அது. படிக்கும் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போய்விடும்.

கணக்குத் தாளிலும் இதே கதைதான். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போட்டு இடைவெளி விடாமல் 2*3*4 என்று அடித்தால், குறிகள் இரண்டும் மறைந்து 234 என்று நிற்கும். நடுவில் உள்ள 3 மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

இதற்கு மருந்து முதல் நாளிலிருந்தே இருக்கிறது: பேக்ஸ்லாஷ் என்னும் பின்சாய்கோடு. 1956\. என்று அடித்தால், 'இந்தப் புள்ளி வெறும் புள்ளிதான், பட்டியலாக்காதே' என்று பொருள். சாய்கோடு திரையில் தெரியாது. 2\*3\*4 என்று அடித்தால் பெருக்கல் பிழைக்கும். ஆண்டெண்ணில் தொடங்கும் வரி பட்டியலாகிவிடக்கூடும் என்று க்ரூபரே தன் விளக்கக் குறிப்பில் எச்சரித்திருக்கிறார். ஆனால் மார்க்டவுன் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் பலவற்றில் இது கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. தடித்த எழுத்து, தலைப்பு, படம் எல்லாம் முதலில். தப்ப வைக்கும் குறி கடைசியில். கைப்பேசியிலோ அந்தச் சாய்கோடே குறிப்பலகையின் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்துகிடக்கிறது.

மார்க்டவுன் மேல் எனக்குப் பகை இல்லை. கணினியில் பழக்கமில்லாதவரும் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறார். அது பெரிய கொடை. என் மனத்தாங்கல் அதன் மௌனத்தின் மேல்தான். மார்க்டவுனில் பிழைச் செய்தி என்பதே கிடையாது. எதை அடித்தாலும் ஏதோ ஒரு பொருள் கொண்டுவிடும். பைத்தான் மொழியின் ஆவணங்கள் எழுதப்படும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் முறை அப்படியல்ல. திறந்த நட்சத்திரக் குறியை மூடாமல் விட்டால், எந்த வரியில் என்று எச்சரிக்கை தருகிறது. எழுதுபவருக்கு அது தொல்லை என்பார்கள். தவறான ஆண்டைப் படித்துவிட்டு மதிப்பெண் இழப்பவரின் தொல்லை அதைவிடப் பெரிது.

மார்க்டவுனுக்கும் சோதனைக் கருவி இல்லாமலில்லை. மார்க்டவுன்லின்ட் என்ற இலவசக் கருவியின் எம்டி029 என்னும் விதி, பட்டியல் எண்கள் வரிசை தவறியிருந்தால் காட்டிக்கொடுக்கும். ஆனால் அப்படியொன்று இருப்பதே நிரலாளர்களைத் தாண்டி எத்தனை பேருக்குத் தெரியும்? ஆசிரியரும் தட்டச்சரும் பயன்படுத்தும் எழுதுகருவிகளில் இந்தச் சோதனை கேட்காமலே இயங்க வேண்டும். 1956க்கு அடுத்து 1967 வந்தால், 'இது பட்டியலா, ஆண்டா?' என்று கருவி ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்காமல் இலக்கத்தை மாற்றும் உரிமை எந்த மென்பொருளுக்கும் கிடையாது.

அதுவரை, குறிப்பு தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டில் தொடங்கும் வரியில் புள்ளிக்கு முன் சாய்கோடு போடுங்கள். வரிகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவே ஒரு வெற்று வரி விடுங்கள். அச்சுக்கு அனுப்புமுன், திரையில் வந்த ஆண்டுகளை மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.