கூலி குறையும் காலத்தில் எழுதிப் பிழைப்பது

இணையத்துக்கு எழுதிப் பிழைப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் இப்போது பேச்சு ஒன்றுதான்: "உங்களுக்குக் கூலி எவ்வளவு குறைந்தது?" 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், ஆயிரம் சொல் கட்டுரை சில வினாடிகளில் வந்து விழுகிறது. எனக்கு வழக்கமாக வேலை கொடுத்துவந்த ஒரு நிறுவனமும், "இனி நீங்கள் எழுத வேண்டாம்; ஏஐ எழுதியதைத் திருத்திக் கொடுங்கள், பழைய தொகையில் மூன்றில் ஒரு பங்கு தருகிறோம்" என்றது. ஆனால் வீட்டுக் கடன் தவணை மூன்றில் ஒரு பங்காகவில்லையே!

கூலியைக் குறைத்துக் கேட்டால் வேலை தங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். தங்காது. ரவாங்கில் குடும்பம் நடத்தும் நான் எவ்வளவு குறைத்தாலும், வேறொரு நாட்டில் அதைவிடக் குறைவாக எழுதித் தர ஒருவர் இருப்பார். அவரைவிடவும் மலிவு, இயந்திரம்.

புதிய இயந்திரம் ரவாங்குக்குப் புதிதல்ல. பத்துமலை முருகன் கோயிலை நிறுவிய கே. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் 1894-இல் இங்கேதான் மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். மலாயாவில் மின்சாரம் முதலில் பயன்பட்ட இடங்களில் நம் ஊருக்கே முதலிடம் என்பார்கள். ஈயச் சுரங்கத்தில் தோண்டத் தோண்ட நீர் ஊறும். அதை இறைக்க மின்பம்பு உதவியது. ஆனால் ஈயம் எங்கே கிடக்கிறது என்று பம்பு சொல்லாது. அது மண்ணை அறிந்தவர்களின் வேலை.

எழுத்திலும் அப்படித்தான். நீர் இறைப்பதை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். நம் மண்ணை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். சுயதொழில் செய்வோருக்காக ஊழியர் சேமநிதி வாரியம் நடத்தும் ஐ-சாரான் திட்டம் பற்றி ஏஐ எழுதிய ஒரு கட்டுரை என்னிடம் திருத்த வந்தது. நடை சரளமாகத்தான் இருந்தது. ஆனால் அரசாங்கத்தின் ஊக்கத்தொகை 15 விழுக்காடு என்று போட்டிருந்தது. 2025 முதல் அது 20 விழுக்காடு. ஆண்டுக்கு உச்சவரம்பு 500 ரிங்கிட். அதாவது 2,500 ரிங்கிட் கட்டினாலே முழுத் தொகையும் கிடைக்கும். பழைய கணக்கை நம்புகிறவர் 3,300 ரிங்கிட்டுக்கு மேல் தேவை என்று நினைத்து, "நமக்கு இது ஆகாது" என ஒதுங்கிவிடுவார்.

பிறகு பிரிக்ஃபீல்ட்சில் துணி தைக்கும் ஓர் அக்காவிடம் பேசினேன். அவர் விழுக்காட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை. "மாதாமாதம் கட்டியே ஆகணுமா, தம்பி? தீபாவளி முடிஞ்சா எனக்கு வேலை இருக்காதே" என்றார். கட்டாயமில்லை, கையில் இருக்கும்போது இருப்பதைக் கட்டலாம். கட்டுரையின் முதல் வரியாக வரவேண்டியது அதுதான். ஏஐ எழுதியதில் அது எங்குமே இல்லை.

இந்தக் கட்டுரைக்கு நான் கேட்டது திருத்தும் கூலி அல்ல. விவரம் சரிபார்த்தல், ஆளிடம் பேசுதல், எழுதுதல் என்று மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு விலை அனுப்பினேன். கொஞ்சம் இழுபறிக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, அந்த வேலைகள் கைவிட்டுப் போயின. வருமானம் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. ஆனால் இன்று என்னிடம் வருபவர்கள் சொல்லுக்கு எத்தனை சென் என்று கேட்பதில்லை.

இத்துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வேன்: "எதைப் பற்றியும் எழுதுவேன்" என்று விளம்பரம் செய்யாதீர்கள், அதை இயந்திரமும் சொல்கிறது. தாதியாக வேலை பார்த்திருந்தால் மருத்துவம், கணக்காளரிடம் இருந்திருந்தால் வரி, அப்பா லோரி ஓட்டியிருந்தால் போக்குவரத்து என்று ஒரு துறையைப் பிடியுங்கள். தமிழில் ஓர் அக்காவிடமும், மலாயில் ஓர் அரசு அதிகாரியிடமும் கேட்டறிந்து, ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க நம் பிள்ளைகளால் முடியும். வீட்டிலும் பள்ளியிலும் தானாக வந்ததால் அதை நாம் திறமையாகவே எண்ணுவதில்லை. அடுத்த முறை விலை அனுப்பும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.