சாவி கைமாறிய கதை

தில்லியில் 2012 டிசம்பர் 27 அன்று தேசிய வளர்ச்சிக் கவுன்சில் கூடியது. 12வது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய கூட்டம். தமிழக முதல்வர் ஜெயலலிதா பேசிக்கொண்டிருந்தபோது, பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தது. முதல்வர்களை இப்படித்தான் நடத்துவதா என்று கோபத்துடன் அவர் வெளியேறினார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 27 அன்று, அதே தில்லியில் நிதி ஆயோக்கின் ஆட்சிமன்றக் குழு கூடியது. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி பாதியில் எழுந்து வந்தார். ஐந்து நிமிடத்திலேயே தன் மைக்கை அணைத்துவிட்டார்கள் என்றார். மைக் அணைக்கப்படவில்லை, அவருக்கான நேரம் முடிந்ததைக் கடிகாரம் காட்டியது, அவ்வளவுதான் என்றது மத்திய அரசு.

மணியா, மைக்கா என்று சர்ச்சை செய்வதில் பத்திரிகைகளுக்குச் சில நாட்கள் நன்றாகவே ஓடின. ஆனால் இரண்டு கூட்டங்களுக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம் வேறு. 2012 கூட்டத்தின் மேஜை மீது ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று இருந்தது. எந்தத் துறைக்கு எவ்வளவு, மாநிலங்களுக்கு எவ்வளவு என்ற கணக்கு அதில் இருந்தது. 2024 கூட்டத்தில் தொலைநோக்கு ஆவணங்கள் இருந்தன. பணம் பற்றிய முடிவு எதுவும் இல்லை. அந்த முடிவுகள் இப்போது நிதி அமைச்சகத்தில் எடுக்கப்படுகின்றன. அங்கே முதல்வர்களுக்கு நாற்காலியே கிடையாது. எனவே மணி அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு கூடுதல் குழப்பம். ‘நிதி ஆயோக்’ என்று எழுதிப் படிக்கும்போது பணம் புழங்கும் இடம் போலத் தோன்றுகிறது. இந்தியில் அது ‘நீதி’. அதாவது, கொள்கை. பெயரில் நிதி இருப்பது தமிழில் மட்டும்தான்.

பணத்தை வைத்திருப்பவர் யார், திட்டம் போடுபவர் யார் என்ற இந்தப் போட்டி சுதந்திர இந்தியாவின் வயதை ஒத்தது. 1950 மார்ச் 15 அன்று மத்திய அமைச்சரவையின் தீர்மானம் ஒன்றின் மூலம் திட்டக் கமிஷன் பிறந்தது. அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நாடாளுமன்றச் சட்டமும் கிடையாது. ஆனால் பிரதமர் நேருவே தலைவர் என்பதால் வேறு அதிகாரம் தேவைப்படவில்லை. அப்போதைய நிதி அமைச்சர் ஜான் மத்தாய்க்கு இது பிடிக்கவில்லை. கமிஷன் இன்னொரு அமைச்சரவையாக வளர்ந்துவிடும், நிதி அமைச்சகத்தின் பொறுப்பு நீர்த்துப்போகும் என்று எச்சரித்தார். வேறு கருத்து வேறுபாடுகளும் சேர்ந்துகொள்ள, அதே ஆண்டில் பதவி விலகினார். அவர் இடத்துக்கு வந்த சி.டி. தேஷ்முக், திட்டக் கமிஷனின் உறுப்பினராக இருந்தவர். முதல் சுற்றில் வெற்றி யாருக்கு என்பதில் சந்தேகமில்லை.

கமிஷனின் பலம் 282வது பிரிவில் இருந்தது. வரி வருவாயை மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பங்கிடுவதற்கென அரசியல் சட்டம் ஏற்படுத்திய அமைப்பு நிதிக் கமிஷன். அதற்கான பிரிவு 280. ஆனால் எந்தப் பொது நோக்கத்துக்கும் மத்திய அரசு மானியம் தரலாம் என்கிறது 282. அந்தச் சிறிய கதவு வழியாகத்தான் பல பத்தாண்டுகளுக்குத் திட்டப் பணம் மாநிலங்களுக்குச் சென்றது.

ஆரம்பத்தில் அதற்கு விதிமுறை எதுவும் இல்லை. தில்லியில் செல்வாக்கு உள்ள மாநிலம் கூடுதலாக வாங்கிச் சென்றது. மாநிலங்களின் முணுமுணுப்பு அதிகமான பிறகு, 1969ல் துணைத் தலைவர் டி.ஆர். காட்கில் பெயரில் ஒரு சூத்திரம் வந்தது. சிறப்பு அந்தஸ்து மாநிலங்களுக்கு ஒதுக்கியது போக மீதியில் 60 சதவீதம் மக்கள்தொகை அடிப்படையில். தனிநபர் வருமானத்தில் பின்தங்கிய மாநிலங்களுக்கு 10 சதவீதம். வரி வசூலில் முயற்சி, நடந்துகொண்டிருக்கும் பாசன, மின் திட்டங்கள், மாநிலத்தின் தனிப் பிரச்சினைகள் என மற்ற மூன்றுக்கும் தலா 10. பெரும்பாலான மாநிலங்களுக்கு இந்த உதவியில் 30 சதவீதம் மானியம், 70 சதவீதம் கடன். 1991ல் விகிதங்கள் மாற்றப்பட்டன. குறைகள் இருந்தாலும் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தனக்கு எவ்வளவு வரும் என்று ஒரு மாநிலத்தின் நிதித்துறைச் செயலாளர் காகிதத்தில் கணக்குப் போட முடிந்தது.

அதற்காகத் திட்டக் கமிஷனின் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் முதல்வர்கள் யோஜனா பவனுக்கு வந்து, தேர்தலில் நின்றிராத நிபுணர்கள் முன் உட்கார்ந்து, தங்கள் மாநிலத் திட்டத்தின் அளவுக்கு ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. துணைத் தலைவருடன் கைகுலுக்கும் புகைப்படம் மறுநாள் பத்திரிகைகளில் வரும். போகப்போக காட்கில் சூத்திரத்தின் கீழ் வரும் பணத்தின் பங்கு சுருங்கியது. மத்திய அமைச்சகங்கள் தாங்களே வடிவமைத்து, மாநிலங்களின் தலையில் கட்டிய திட்டங்கள் பெருகின.

இன்னொரு விநோதம், திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவினை. புதிய ஆரம்ப சுகாதார நிலையம் கட்டினால் அது திட்டச் செலவு. அதற்கு மரியாதை உண்டு. திட்டக் காலம் முடிந்த பிறகு அங்குள்ள நர்சின் சம்பளமும் கூரை ஒழுகாமல் பார்ப்பதும் திட்டம் சாராச் செலவு. சிக்கனம் என்று வந்தால் முதலில் வெட்டு விழுவது அங்குதான். புதிதாகக் கட்டுவதில் இருந்த ஆர்வம் கட்டியதைப் பராமரிப்பதில் இல்லாமல்போனதற்கு இந்தக் கணக்குமுறையும் ஒரு காரணம். இந்தப் பிரிவினையை ஒழிக்கச் சொல்லி சி. ரங்கராஜன் தலைமையிலான நிபுணர் குழு 2011லேயே பரிந்துரைத்தது.

யோஜனா பவன் கொடி பறந்த நாட்களிலும் கடைசி வார்த்தை நிதி அமைச்சகத்துடையதாகவே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 4,800 கோடி ரூபாய் அரசு முதலீட்டுடன் 1956ல் இரண்டாவது திட்டம் கோலாகலமாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அன்னியச் செலாவணி கரைந்தது. முக்கியமானவை என்று கருதப்பட்ட திட்டங்களைக் காப்பாற்றி மற்றவற்றைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. போர், வறட்சி, 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு எல்லாம் சேர்ந்து, நான்காவது திட்டம் மூன்று ஆண்டுகள் தாமதமாக 1969ல்தான் பிறந்தது. 1990ல் தொடங்க வேண்டிய எட்டாவது திட்டம் 1992ல் தொடங்கியது. இடையில் நாடு தங்கத்தை அடகு வைத்திருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் அல்லவா?

2014 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் நரேந்திர மோடி திட்டக் கமிஷனுக்கு விடைகொடுத்தார். குஜராத் முதல்வராகத் தானே பலமுறை யோஜனா பவன் படியேறியவர். 2015 ஜனவரி 1 அன்று நிதி ஆயோக் வந்தது. அதுவும் அமைச்சரவைத் தீர்மானத்தில் பிறந்ததுதான், கட்டடமும் அதேதான். பணம் ஒதுக்கும் அதிகாரம் மட்டும் அதனுடன் வரவில்லை. 2017-18 பட்ஜெட்டுடன் திட்டம், திட்டம் சாராதது என்ற பிரிவினை போனது. 2017 மார்ச்சில் 12வது திட்டம் முடிந்தது. பதின்மூன்றாவது வரவே இல்லை. ஜான் மத்தாய் தோற்ற ஆட்டத்தை, அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பழைய அமைச்சகம் வென்றது.

மாநிலங்களுக்கு இதில் லாபமே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14வது நிதிக் கமிஷன், மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்தியது. ஜம்மு-காஷ்மீர் யூனியன் பிரதேசமான பிறகு 15வது கமிஷன் அதை 41 ஆக்கியது. நிபந்தனை இல்லாமல் வரும் பணம் இது. ஆனால் இந்தப் பங்கு, செஸ், சர்சார்ஜ் எனப்படும் கூடுதல் வரிகளுக்குப் பொருந்தாது. மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் 2011-12ல் சுமார் 10 சதவீதமாக இருந்த இவை 2020-21ல் சுமார் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு சற்று இறங்கின. பல மத்திய திட்டங்களில் மாநிலங்கள் போட வேண்டிய பங்கும் 40 சதவீதமானது. வலது கையில் கொடுத்தது இடது கைக்குத் தெரியும்.

ஐந்தாண்டுத் திட்டம் போன பிறகு, மத்திய அரசின் திட்டங்களுக்கான ஆயுள் நிதிக் கமிஷனின் காலத்தோடு இணைக்கப்பட்டது. கமிஷன் காலம் முடியும்போது ஒவ்வொரு திட்டமும் மறுபரிசீலனைக்கு வர வேண்டும். பெயரில்லாத ஐந்தாண்டுத் திட்டம் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கமிஷன் எதை ஆராய வேண்டும் என்ற வரம்பை வகுப்பதில் முதல் கை நிதி அமைச்சகத்துடையது. 15வது கமிஷன் 2011 மக்கள்தொகையைப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த வரம்பு சொன்னபோது, குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே சென்றதற்குத் தண்டனையா என்று தென் மாநிலங்கள் கொதித்தன. பின்னர் அந்தச் சாதனைக்கென 12.5 சதவீத மதிப்பைக் கமிஷன் ஒதுக்கியது. கேள்வி கேட்ட பிறகு கிடைத்த பரிகாரம் அது. கேள்வியை முன்கூட்டியே கேட்பதற்கு இடம் இல்லை.

2020-21ல் 12,000 கோடி ரூபாயில் தொடங்கி, 2024-25ல் 1.5 லட்சம் கோடியாக வளர்ந்த ஐம்பது ஆண்டு வட்டியில்லாக் கடன் திட்டமும் இதே ரகம். சாலை, பாலம், குடிநீர் என்று மாநிலங்கள் முதலீடு செய்ய இது உண்மையிலேயே உதவுகிறது. இதில் ஒரு பகுதி வரிப்பங்கு விகிதப்படி கிடைக்கிறது. மற்ற பகுதிகள் சீர்திருத்தங்கள் செய்தால்தான் கிடைக்கும். எந்தச் சீர்திருத்தம், எவ்வளவு மதிப்பு என்பதை நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வழிகாட்டுக் குறிப்புகளில் தெரிவிக்கிறது. காட்கில் சூத்திரத்துக்கு முன்பு இருந்த நிலை வேறு உடையில் திரும்புகிறதோ என்று மாநில அரசுகள் சந்தேகிப்பதில் ஆச்சரியமில்லை.

நிதி அமைச்சகத்தைக் குறைசொல்லியும் பயனில்லை. அது தன் வேலையைச் செய்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டியது அதன் தர்மம். பற்றாக்குறை எவ்வளவு, மார்ச் 31க்குள் எவ்வளவு செலவாகும் என்பதே அதன் கவலை. ஒரு பின்தங்கிய மாவட்டம் பத்து ஆண்டுகளில் எங்கே இருக்க வேண்டும் என்பது வேறு வகையான கவலை. அதைச் சுமக்க வேண்டியவரிடம் காசு இல்லை என்பதுதான் இன்றைய சிக்கல்.

பின்தங்கிய பகுதிகளுக்கென 2006-07ல் தொடங்கிய தனி மானிய நிதி, திட்டக் கமிஷன் மறைந்தவுடன் மத்திய உதவியை இழந்தது. 2018 ஜனவரியில் நிதி ஆயோக், ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒடிசாவின் காலஹாண்டி முதல் தமிழகத்தின் ராமநாதபுரம், விருதுநகர் வரை 112 மாவட்டங்கள். கல்வி, சுகாதாரம், விவசாயம் போன்றவற்றில் மாதந்தோறும் தரவரிசை. கலெக்டர்களிடையே போட்டி வந்தது, பல மாவட்டங்களில் முன்னேற்றமும் தெரிந்தது. ஆனால் பெரிய தனி நிதி கிடையாது. இருக்கும் திட்டங்களின் பணத்தையே ஒழுங்காக இணைத்துச் செலவிட வேண்டும். மார்க் போடும் ஆசிரியர் வந்துவிட்டார். ஃபீஸ் கட்டுபவர் வேறு இடத்தில் இருக்கிறார்.

திட்டக் கமிஷனைத் தோண்டி எடுப்பது இதற்குத் தீர்வாகாது. மாநிலங்களே அதை விரும்பமாட்டா. முன்மாதிரி வேறு இடத்தில் இருக்கிறது, அதுவும் நிதி அமைச்சர் தலைமையிலேயே இருக்கிறது. 2016ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். மத்திய அரசை மீறியும் முடியாது, மாநிலங்களை ஒதுக்கியும் முடியாது. சண்டைகள் உண்டு என்றாலும் கவுன்சில் கூடிக்கொண்டே இருக்கிறது. வரி வசூலிப்பதை உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய முடிகிறது என்றால், வசூலித்ததைச் செலவிடுவதை ஏன் பேச முடியாது?

அதற்கென 263வது பிரிவின்படி 1990ல் அமைந்த மாநிலங்களுக்கு இடையிலான கவுன்சில் இருக்கவே இருக்கிறது. அதன் 10வது கூட்டம் 2006 டிசம்பரில் நடந்தது. 11வது கூட்டம் 2016 ஜூலையில். தேசிய வளர்ச்சிக் கவுன்சிலோ, ஜெயலலிதா வெளிநடப்பு செய்த அந்த டிசம்பர் நாளுக்குப் பிறகு கூடவே இல்லை. அன்று அடித்த மணி அவருக்கு மட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.