பைஜூஸ்: கணக்கு வருமுன் உயர்ந்த மதிப்பீடு

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் நிலுவைக்காக, பெங்களூருவைச் சேர்ந்த கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான பைஜூஸ் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. வீழ்ச்சிக்கான அறிகுறி அதற்கு வெகுமுன்பே தென்பட்டது. 2022 மார்ச்சில் அதன் மதிப்பு 2,200 கோடி டாலராகக் கணிக்கப்பட்டபோது, 2020-21 நிதியாண்டின் தணிக்கைக் கணக்கே வெளியாகவில்லை. செப்டம்பரில் வெளியான அக்கணக்கு காட்டிய இழப்பு சுமார் 4,588 கோடி ரூபாய். நிதிநிலை அறிக்கைகளின் தாமதத்தைச் சுட்டிக்காட்டி 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது.

அதே நகரின் பங்குத்தரகு நிறுவனமான ஜெரோதா, 2010இல் தொடங்கி வெளிமுதலீடின்றியே வளர்ந்தது. அதைக் காட்டி, வெளிமுதலீடே தவறு என்பது அவசர முடிவு. பைஜூஸில் முதலீட்டாளர்களின் பிரதிநிதிகள் இயக்குநர் குழுவிலேயே இருந்தனர். நிதியாண்டு முடிந்து 17 மாதங்களுக்கு மேலாகியும் கணக்கு வெளிவரவில்லை.