ரிக்கார்டு பிளேயருக்கு வயதாகிவிட்டதா?

உங்களில் சிலருடைய வீட்டுப் பரணில், தாத்தா காலத்து ரிக்கார்டு பிளேயர் ஒன்று துணி போர்த்தி உறங்கிக்கொண்டிருக்கலாம். பக்கத்திலேயே ஒரு கட்டு இசைத்தட்டுகளும் இருக்கலாம். இவற்றின் கதை முடிந்துவிட்டது என்றே ஒரு காலத்தில் பலரும் நினைத்தனர். ஆனால் 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனையான இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, குறுந்தகடுகளின் எண்ணிக்கையை மிஞ்சியது. 1987க்குப் பிறகு அவ்வாறு நடந்தது அதுவே முதல் தடவை. எனவே, பரணில் இருப்பதை இறக்கி ஓடவிட்டுப் பார்க்கும் ஆசை பலருக்கும் வருகிறது.

ஓடவிட்டால் பாட்டு இழுத்து இழுத்துக் கேட்கிறது; கரகரக்கிறது. உடனே வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "பழசுதான் உறுதி, இதையே சரி செய்வோம்" என்கிறது ஒரு கட்சி. "காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவோம்" என்கிறது மற்றது.

இரு கட்சிகளுமே அவசரப்படுகின்றன என்பது என் கருத்து. ஒரு கருவி முழுவதற்கும் ஒரே வயது கிடையாது. அதன் உறுப்புகள் வெவ்வேறு வேகத்தில் முதுமை அடைகின்றன. ஆகவே "பழையதா, புதியதா?" என்று கேட்பதை விட்டு, "எந்த உறுப்பு தேய்ந்திருக்கிறது?" என்று கேட்பதே அறிவியல் முறை.

ஊசி நடக்கும் தூரம்

முதலில் ஊசியைப் பார்ப்போம். 30 செ.மீ. விட்டமுள்ள இசைத்தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்கிறது. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 733 சுற்றுகள் ஆகின்றன. ஒலி பதிந்துள்ள பள்ளத்தின் சராசரி ஆரத்தை 10 செ.மீ. என்று கொண்டால், ஒரு சுற்றின் நீளம் சுமார் 63 செ.மீ. பெருக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் ஊசி 460 மீட்டர் நடந்துவிடுகிறது! ஆயிரம் பக்கங்கள் என்றால் 460 கிலோமீட்டர்.

இந்த நடைப் பயணத்தில் ஊசி பள்ளத்தை அழுத்தும் விசை ஏறத்தாழ 2 கிராம் எடைதான். இது மிகச் சிறிதுதானே என்று எண்ணாதீர்கள். அந்த எடையைத் தாங்கும் பரப்பு அதைவிடச் சிறியது. அதை 100 சதுர மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அங்குள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 2000 மடங்கு ஆகிறது! வைர முனையும் நாளடைவில் தேய்வதற்கு இந்த அழுத்தமும், பள்ளத்தில் படிந்த தூசியும் காரணங்கள்.

தேய்ந்த முனை தன் உருண்டை வடிவத்தை இழக்கிறது. பக்கங்கள் தட்டையாகி, ஓரங்கள் உளியைப் போலக் கூர்மை பெறுகின்றன. அந்த உளி, பள்ளத்தின் சுவர்களிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்களைச் சீவிவிடுகிறது. அந்த மேடு பள்ளங்கள்தாம் இசை! ஊசியைக் கடையில் வாங்கிவிடலாம்; சீவப்பட்ட இசையை எந்தக் கடையில் வாங்குவது? பழைய பதிவுகளில் பல மீண்டும் வெளியிடப்படாதவை. ஆகவே புது ஊசி பொருத்தும்வரை தாத்தாவின் தட்டுகளில் ஒன்றைக்கூட ஓடவிடாதீர்கள்.

நூறு சுற்றுச் சோதனை

அடுத்தது பெல்ட். பல கருவிகளில் மோட்டாரின் சுழற்சியைச் சுழல்தட்டுக்குக் கொண்டு செல்வது ஒரு ரப்பர் பெல்ட். ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் மீள்தன்மையை இழந்து தொய்கிறது, வழுக்குகிறது. வேகம் 6 விழுக்காடு குறைந்தால் பாட்டின் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் இறங்கிவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். ஊசியை இறக்காமல் ஓடவிட்டு, 3 நிமிடங்களில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சரியாக 100 வர வேண்டும். 97 வந்தால் வேகம் 3 விழுக்காடு குறைவு. முதலில் பெல்ட்டைச் சந்தேகியுங்கள். பெல்ட்டை மாற்றியும் குறை தீரவில்லையென்றால் மோட்டாரையும் மின்சுற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் மின் இணைப்புள்ள பெட்டியை நீங்கள் திறக்கக் கூடாது. அது தொழில் தெரிந்தவரின் வேலை.

தேயாத உறுப்பு

இனி சுழல்தட்டு. தையல் இயந்திரத்தில் கனமான சக்கரம் எதற்காக இருக்கிறது? மிதிப்பதில் உள்ள ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்து, சீராக ஓடுவதற்கு. கனமான சுழல்தட்டும் அதே வேலையைச் செய்கிறது. மோட்டாரின் சிறு உதறல்களைத் தன் நிலைமத்தால் விழுங்கிவிடுகிறது. இந்த உலோகத் தட்டு நாற்பது ஆண்டுகளிலும் தேய்வதில்லை. விலை மலிந்த புதுக் கருவிகள் சிலவற்றிலோ இலேசான பிளாஸ்டிக் தட்டுதான் இருக்கிறது. புதிது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த லின் நிறுவனத்தின் 'எல்.பி.12' என்ற கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த கருவி இது. அதன் அடிப்படை அமைப்பு மாறாமலே, உறுப்புகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு வந்துள்ளன. 1993இல் வந்த மேம்பட்ட பேரிங்கை அதற்கு முன் வாங்கிய கருவியிலும் பொருத்த முடிந்தது. தேய்வதை மாற்று, தேயாததை வைத்துக்கொள் என்ற எண்ணத்துடன் வடிவமைத்தால் ஒரு பொருள் எவ்வளவு காலம் வாழலாம் என்பதற்கு இது சான்று.

எப்போது புதிது வாங்கலாம்?

அப்படியானால் புதிது வாங்கவே கூடாதா? அப்படியும் நான் சொல்லவில்லை. சுழல்தட்டின் அச்சும் பேரிங்கும் தேய்ந்து, தட்டு ஆடினால் விட்டுவிடலாம். 5 கிராமுக்கு மேல் அழுத்தும் பழைய வகைக் கருவியில், அந்த அழுத்தத்தைக் குறைக்க வழியில்லையென்றாலும் விட்டுவிடலாம். அது தட்டுகளுக்குப் பகை. உதிரி உறுப்புகள் கிடைக்காவிட்டாலோ, பழுது பார்க்கும் செலவு நல்ல புதுக் கருவியின் விலையை எட்டினாலோ, புதிதே மேல். அப்போதும் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஊசியைத் தனியே மாற்றலாமா? ஊசியின் அழுத்தத்தைச் சரி செய்யலாமா? இரண்டுக்கும் "முடியாது" என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அந்தப் பெட்டியைப் பெரியவர்கள் துணையோடு இறக்குங்கள். தூசி தட்டி, காகிதம் ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். நூறு வருகிறதா? பிறகு இரு கட்சிக்காரர்களையும் கூப்பிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.